இடி வரும் நேரம்

திருத்தங்கலில் மேகம் கறுத்தால் ஊரே வேலையை நிறுத்தும். இடி மின்னல் நெருங்கினால் உற்பத்தியை நிறுத்திவிட்டு ஆட்களை அறைகளிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று பட்டாசு ஆலைகளுக்கு விதியே இருக்கிறது. மருந்துக் கையைக் கழுவிக்கொண்டு சனங்கள் வெளியே வரும் அதே நேரத்தில், கரிசல் காட்டைப் பார்த்து ஒரு பைக் போகும். முதுகில் பை, குறுக்கே மூன்று கால் ஸ்டாண்டு. அவர்தான் மின்னல் போட்டோக்காரர்.

சோற்றுக்கு அவர் எடுப்பது கல்யாணம், காதுகுத்து, சடங்கு. மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லியே வாய் நொந்த மனிதர். மின்னலுக்கு அந்தப் பாடு கிடையாது. "ஆல்பத்துல தாய்மாமனைக் காணோம்னு அது சண்டைக்கு வராதுல்லண்ணே" என்பார்.

மழை குறைச்சல், வெயில் தாராளம் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்தப் பக்கம் காலூன்றின. வானம் காய வேண்டும் என்று ஆலைக்காரர் வேண்ட, பெய்ய வேண்டும் என்று சம்சாரி வேண்ட, நம்மவர் குன்றேறி நின்ற நாராயணப் பெருமாளிடம் மூன்றாவதாக ஒரு மனு வைப்பார்: மழை வேண்டாம், லென்ஸ் நனையும், மின்னல் மட்டும் போதும். பெருமாள் எந்தக் கட்டில் சேர்ப்பாரோ!

அவர் போனில் புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் அபாயத்தை முன்கூட்டிச் சொல்வது. ஊரார் எங்கே ஒதுங்கலாம் என்று அதைப் பார்க்கிறார்கள். இவர் போக வேண்டிய இடத்துக்கு வழி பார்க்கிறார்.

சித்திரைக் கடைசியில் ஒரு பொழுதடையும் நேரம், ஆமத்தூர்ப் பக்கம். தரிசில் ஸ்டாண்டை நட்டாயிற்று. ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 15 விநாடி திறந்திருக்கும். சுற்றிலும் முழங்கால் உயரச் செடி. நெட்டையாக நின்றவை தூரத்துப் பனை ஒன்றும் இவரும்தான். ஆடுகளைப் பத்திக்கொண்டு போன கிழவி நின்றாள்.

"ஏய்யா, ஆடே வீட்டுக்கு ஓடுது. ஒனக்கு என்ன கேடு? அந்தக் கம்பிய மடக்கு."

"அஞ்சு நிமிசம் ஆத்தா."

மின்னியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுவது அவர் வழக்கம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டாலே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்கிறது பாதுகாப்பு விதி. இவர் எண்ணியது பன்னிரண்டு வந்தது. அடுத்தது எட்டு. வெளிச்சம் தோது, கோணம் தோது, கிளம்ப மனமில்லை. அதற்கடுத்ததற்கு 'ஒண்ணு' சொல்லவே வாய் எழவில்லை. பனையின் உச்சி பற்றி எரிந்துகொண்டிருந்தது. பகுத்தறிவுக் கூட்டங்களுக்குச் சலுகை விலையில் படம் எடுத்துக் கொடுக்கும் மனிதர், "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று குப்புறக் கிடந்தார்.

ஆனாலும் படம் விழுந்துவிட்டது. அருமையான படம், அதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை டீக்கடையில் பனைக்கும் அவருக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் இருந்தது. மாலைக் கட்டத்தில் நூறடி. ஞாயிற்றுக்கிழமை வாக்கில் பனை பக்கத்திலேயே வந்துவிட்டது. மின்னல் பாயும் காற்று முப்பதாயிரம் டிகிரி வரை சூடாகும், சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு என்று விளக்கி, சட்டைக் கையை மடக்கி முழங்கையைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும்போது படத்தை வீட்டிலா வைத்துக்கொள்வார்? ஒரு அச்சக முதலாளியிடம் கொண்டுபோனார். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இடி விழுறதக் கொண்டுபோய் எவன் பூசை ரூம்ல மாட்டுவான்? அந்தப் பனைய எடுத்துட்டு ஒரு முருகனை நிப்பாட்டிக் குடுங்க, அடிச்சிருவோம்."

கலையைப் பற்றி நாலு நாள் டீக்கடையில் கொந்தளித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு டீ அவர் கணக்கில். ஐந்தாம் நாள் முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஆறுமுகமா, ஒத்த முகமா?"