சீட்டு இருக்கிறதா?

வாஸ்கோடகாமா 1524-ல் கொச்சியில் செத்தார். போர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1539-ல் எலும்பைத் தோண்டி போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் காலத்தில் ஆரம்பித்த தொழிலை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு அதே கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் கணினிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தொழிலின் பெயர் கர்தாஸ். அரபிக்கடலில் அரபியும் குஜராத்தியும் மாப்பிளாவும் செட்டியும் யாரையும் கேட்காமல் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசியன் வந்தான். இனி எங்கள் சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல் என்றான். கப்பல் பெயர், தலைவன் பெயர், என்ன ஆயுதம், எந்தத் துறைமுகம், எதை ஏற்றக்கூடாது என்று எல்லாம் சீட்டில் இருக்கும். ஏற்றக்கூடாத சரக்கில் மிளகும் உண்டு. மிளகு விளைவது யார் தோட்டத்தில் என்று கேட்டால் பீரங்கி பதில் சொல்லும். சீட்டுக்கான கட்டணம் என்னவோ அற்பம்தான். வழியில் அவர்கள் கோட்டையுள்ள துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போகவேண்டும், சூட்சுமம் அங்கே இருந்தது. அக்பரின் அத்தை குல்பதன் பேகம் ஹஜ்ஜுக்குக் கிளம்பி, இந்தச் சீட்டுக்காகச் சூரத்தில் ஏறத்தாழ ஒரு வருஷம் காத்துக் கிடந்தார். பாதுஷா வீட்டு அம்மாளுக்கே அந்தக் கதி.

மட்டாஞ்சேரியில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் நம் குமாஸ்தாவுக்கு என்ன கதி? காலையில் கணினியைப் போடுகிறார். அவர் எக்ஸெலைத் தொடுவதற்கு முன்பே, மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்த கிளிக்-டு-ரன் என்றொரு ஆசாமி உள்ளே எழுந்து உட்கார்ந்தாயிற்று. அவர் பின்னணியில் இருப்பார், கண்ணில் படமாட்டார். நினைவகத்தைத் தின்கிறாரே என்று எரிச்சல்பட்டு அவரை முடக்கிவைத்தால் வேர்டும் திறக்காது, எக்ஸெலும் திறக்காது. விண்டோஸில் அவருக்கு ஒரு பெரியப்பா உண்டு, சாஃப்ட்வேர் புரொடெக்‌ஷன் என்று பெயர், உரிமச் சீட்டைச் சரிபார்ப்பது அவர் வேலை. சர்வீசஸ் பட்டியலில் போய்ப் பார்த்தால் அவரை எப்போது எழுப்புவது என்ற இடமே சாம்பல் பூத்துக் கிடக்கும், கை வைக்க முடியாது. கணினி நீங்கள் வாங்கியது, மின்சாரக் கட்டணம் நீங்கள் கட்டுவது, காவலாளிக்குச் சோறும் நீங்கள்தான் போடவேண்டும். அவர் காவல் காப்பது மட்டும் உங்களுக்கு எதிராக.

சந்தா கட்டி வாங்கும் மைக்ரோசாஃப்ட் 365 முப்பது நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் போய்த் தலையைக் காட்டவேண்டும். தவறினால் நீங்கள் எழுதிய கணக்கை நீங்கள் படிக்கலாம், அச்சடிக்கலாம், திருத்தக்கூடாது. பெரிய கம்பெனிகளுக்கு கேஎம்எஸ் என்று வேறு ஏற்பாடு: அனுமதி 180 நாள் செல்லும், ஏழு நாளைக்கு ஒருதரம் புதுப்பிக்கக் கதவைத் தட்டும். ஜாமீனில் வந்தவன் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதுபோல. ஆனால் ஜாமீன்காரன் மேல் ஒரு வழக்காவது இருக்கும்.

இதில் சுகமாக இருப்பவன் கள்ளக் காப்பி போட்டவன்தான். கடைப் பையன் பென்டிரைவில் கொண்டுவந்து 'ஆக்டிவேட்' செய்துவிட்டுப் போகிறான், அதோடு சரி. வைரஸ் வரலாம், சட்டப்படி குற்றம், எல்லாம் தெரியும். ஆனாலும் காசு கொடுத்தவனை உட்காரவைத்து விசாரிப்பதும், கொடுக்காதவன் காலாட்டிக்கொண்டு வேலை பார்ப்பதும் எந்த ஊர் நியாயம்?

சின்ன ஆள் பாடு இது, பெரிய கம்பெனியைத் தொடமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? 2025 ஜூலை 18-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தடைப் பட்டியலில் குஜராத் வாதினாரில் ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜியைச் சேர்த்தது. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. சில நாளில் மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சலை, கோப்புகளை, கருவிகளை மூடியது. முழுத் தொகை கட்டி வாங்கிய உரிமங்கள் என்றது நயாரா. இந்தியச் சட்டம் தடுக்கவில்லை, அமெரிக்கச் சட்டமும் தடுக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு தீர்மானம், வாதினாரில் பூட்டு! நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. ஜூலை 30-ல் சேவை திரும்பியது, வழக்கும் அதோடு முடிந்தது. பூட்டியது சரியா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை. கொச்சிக்குப் பக்கத்தில் அம்பலமுகளிலும் ஒரு சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதன் புகைபோக்கிதான்.

கேரளத்துக்கு இதெல்லாம் தெரியாததல்ல. சீட்டுக் கேட்காத கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001-ல் திருவனந்தபுரத்துக்கே வந்து அதன் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடக் கணினிகளில் குனு/லினக்ஸ் ஓடுகிறது, பிள்ளைகள் லிப்ரே ஆபீஸில் மலையாளம் தட்டுகிறார்கள். அதே பிள்ளை படித்து முடித்து மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீசில் சேர்ந்தால் முதல் கேள்வி: "எம்எஸ் ஆபீஸ் தெரியுமா?" பத்து வருஷம் சுதந்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, பதினோராம் வருஷம் சீட்டு வரிசையில் நிறுத்துகிறோம். அதற்குப் பெயர் வேலைவாய்ப்பு.

டெல்லிக்கு இப்போதுதான் ரோஷம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோவின் ஆபீஸ் மென்பொருளில் எழுதச் சொன்னது. நம்மூர்க் கம்பெனி, சந்தோஷம். ஆனால் அதுவும் எங்கோ இருக்கும் சர்வரில் லாகின் செய்து திறக்கவேண்டியதுதான். காவலாளி வேட்டி கட்டி வந்து, "சாப்டாச்சாண்ணே?" என்று தமிழில் விசாரித்துவிட்டு, அப்புறம் சீட்டைக் கேட்பார்.

அரசாங்கம் நினைத்தால் டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், விற்றவனைக் கேட்காமல், இணையம் இல்லாமல், வாங்கியவன் வைத்திருக்கும் காலம்வரை திறக்கவேண்டும். அந்த நிபந்தனையைத் தட்டச்சு செய்ய ஒரு அதிகாரி வேர்டைத் திறப்பார். சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று வரும். கோப்பு அடுத்த நிதியாண்டுக்குப் போகும்.