பாக்கியத்தின் கழுத்துக்கு ஒரு பட்டி

மட்டக்களப்பு நகரில் பூனைக்குக் கழுத்துப்பட்டி கேட்டுக் கடையேறிய எவருக்கும் தெரியும்: முதலில் கிடைப்பது பட்டியல்ல, பகிடி.

"நீங்களா சேர் பூனைக்கு மணி கட்டப் போற ஆள்?"

என்னிடம் கேட்ட பொடியனுக்கு இருபது வயதிருக்காது. அந்தப் பகிடியை அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தவன்போலக் கல்லாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார். கோழித்தீன் வாங்க வந்தவர், தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல், அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் விலை குறைக்கமாட்டார்கள். சிரித்தும் குறைக்கவில்லை.

பிறகு ஒரு டப்பாவைக் கவிழ்த்தான். கண்ணைக் குத்தும் ரோசா, எரிக்கும் பச்சை, கல்யாண வீட்டு மின்குமிழ் மஞ்சள். இதயம் பதித்தது, கண்ணாடிக் கல் பதித்தது, கழுத்தடியில் துணி வண்ணத்துப்பூச்சி குந்தியிருப்பது. ஒன்றில் ஆங்கிலத்தில் 'டோக்' என்றே எழுதியிருந்தது. சுட்டிக் காட்டினேன். "பூனைக்கு வாசிக்கத் தெரியாதே சேர்" என்றான்.

பட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். பூனைக்கு மீனை அவித்து முள்ளெடுத்து வைத்துவிட்டு, தான் பருப்புக்கறியோடு எழும்புகிற ஆட்கள்தானே நாம் எல்லோரும். நல்ல பட்டிக்கு மூன்று இலக்கணம் உண்டு.

முதலாவது, கொக்கி. வேலிக் கம்பியிலோ முருங்கைக் கொப்பிலோ மாட்டிக்கொண்டால் இழுத்த இழுப்பில் தானாகக் கழன்றுவிட வேண்டும். நாய்ப் பட்டி இதற்கு நேர்மாறு. அது கழலவே கூடாது. இங்கே விற்பது பெரும்பாலும் நாய்ப் பட்டியின் குட்டிதான். இலாஸ்டிக் வைத்தது அதைவிட மோசம். பூனை முன்னங்காலை உள்ளே விட்டுக்கொண்டால் அக்குளில் இறுகிப் புண்ணாக்கிவிடும். எந்தப் பட்டியானாலும் மாட்டிய பின் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது, மணி. பிரித்தானியாவின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் செய்த ஆய்வில், மணி கட்டிய பூனை பிடித்துவரும் பறவைகள் 41 வீதமும், எலி முதலானவை 34 வீதமும் குறைந்தனவாம். பறவைக்குச் சந்தோசம். அந்த 34 வீத எலியைப் பிடிப்பது யார்? நானா? நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்து, மீன் பாடுகிறதா என்று மூச்சடக்கிக் கேட்ட ஊர் இது. இங்கே இரவு மூன்று மணிக்குக் குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவே கிலுங்கிலுங்கென்று ஓடித்திரியும் ஒரு சாமானை நானே காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

மூன்றாவது, அழகு. அதற்கு வருகிறேன். அதற்கு முன் பட்டியில் அச்சடித்திருக்கும் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டப்பாவில் பாதிக்கு மேற்பட்ட பட்டிகளில் அந்த மீன்தான். முக்கோணத் தலை, ஒரு நேர் முள், குறுக்கே சில கோடு, கடைசியில் வால். உயிருள்ள மீனில்லை, தின்று முடித்த மீன். மாப்பிள்ளைக்கு வாங்கும் சால்வையில் சாப்பிட்டு மடித்த வாழையிலையையா நெய்கிறார்கள்? சரி, தின்றது யார்? பூனையாக இருக்கவே முடியாது. என் பாக்கியம் எந்த மீனிலும் தலையை மிச்சம் வைத்ததில்லை; தலையில்தான் தொடங்குவாள். தலையையும் வாலையும் பக்குவமாக ஒதுக்கி, நடுச்சதையை மட்டும் எடுத்தவன் முள்ளுக்கரண்டி பிடித்த மனிதன். எவனோ ஒருவனுடைய எச்சிலை என் பூனை கழுத்தில் சுமக்க வேண்டும்.

சுமக்கட்டும், அது என்ன மீன்? ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் அண்ணனிடம் ஒரு பட்டியை நீட்டினேன். கைத்தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"திரளியா அண்ணன்?"

"திரளிக்குத் தலை இவ்வளவு கூரில்ல."

கெழுத்தி என்றால் மீசை எங்கே? கொடுவா என்றால் வாய் இதைவிடப் பெரிது. ஓராவுக்கு முதுகு முள்தான் அடையாளம், குத்தினால் கடுக்கும். இதில் முதுகே இல்லை. விலாங்கு என்றால் நீளம் போதாது. மீன் வாங்க வந்த முன்வீட்டு அக்கா, "தலையக் கிள்ளாம வெச்சிருக்கு, நெத்தலியும் இல்ல" என்றார். 56 கிலோமீற்றர் நீளமான வாவி, அதற்கு அப்பால் வங்கக் கடல்; இரண்டிலும் இந்த மீன் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, "பாடும்மீனை ஒருவரும் கண்ணால் கண்டதில்லையே, இதுதான் அதுவோ?" என்றார். பாடும்மீனை நாங்கள் இடுப்புவரை பெண்ணாக அல்லவா வரைகிறோம் என்றார் அண்ணன். வாதம் வளர்ந்தது. இறால் வாங்க நின்றவர்கள் வெயிலில் வாடினார்கள். இறாலும் வாடியது.

இனி அழகு. கடைப் பட்டி வேண்டாமென்றால் அடுத்த யோசனை, கைத்தறி. தெற்கே கல்முனைப் பக்கம் மருதமுனை. சாரமும் சேலையும் நெய்வதில் பேர்போன ஊர். அங்கே நெசவுக்காரர் ஒருவரிடம், விரல் அகலத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நெய்து தரலாமா நானா என்று கேட்டேன். அவர் தறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவு ஓட்டினாக் கனக்க ஓட்டணும் தம்பி. அது முடியிறதுக்கு இந்த ஊர்ப் பூனையெல்லாம் உங்களுக்கு வேணும்."

எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? 1984இல் மிலான் நகரத்து மிருக வைத்தியர் பாவ்லோ பெல்லெகாட்டா இலங்கைக்கு வந்து, நம் தெருப் பூனைகளைக் கண்டு மயங்கி, சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோனார். இன்று அங்கே அது 'சிலோன்' என்ற பெயரில் சாதிப் பூனை. நெற்றியில் உள்ள குறியை நாகபடம் என்று கொண்டாடுகிறார்கள். அதே குறி பாக்கியத்தின் நெற்றியிலும் உண்டு. இங்கே அதை அடுப்புக்கரி என்று துடைத்துப் பார்க்கிறார்கள். அவளுடைய சித்தப்பன்மார் வழிப் பேரப்பிள்ளைகள் இத்தாலித் தோலில் தைத்த பட்டியோடு மெத்தைக் கதிரையில் படுத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொழும்பின் சதுப்பு நிலங்களில் திரியும் மீன்பிடிப் பூனைகளுக்குக்கூட ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் பட்டி மாட்டியிருக்கிறார்கள். காட்டுப் பூனைக்குச் செய்மதியோடு பேசும் பட்டி. வீட்டுப் பூனைக்கு 'டோக்'.

"உங்கட இடுப்புப் பெல்ட் வெடிச்சு எவ்வளவு காலம்? அதுக்கு ஒரு நாள் கடைக்குப் போனீங்களா?" என்கிறாள் மனைவி. என் பெல்ட்டைச் சட்டை மறைக்கும். பாக்கியம் சட்டை போடுவதில்லை.

கடைசியில் ஒன்லைனில் ஓடர் போட்டேன். படத்தில் வெறும் கருநீலம், பார்க்க அடக்கமாக இருந்தது. பொதியைப் பிரித்தேன். கருநீலம்தான். புரட்டினால் மீன்.

மறுநாளே செய்தி வந்துவிட்டது: கொள்வனவு எப்படி இருந்தது, நட்சத்திரம் தாருங்கள், கருத்தை எழுதுங்கள் என்று. நட்சத்திரம் கொடுக்கவில்லை. கருத்து மட்டும் எழுதினேன்: "இது என்ன மீன்?"

பதில் உடனே வந்தது. "அன்பான வாடிக்கையாளரே, சிவப்பிலும் இருக்கிறது."