ஆரணியில் இரண்டு இன்ச் உயர்வு

ஆரணியில் உயரம் போதவில்லை என்றால் பள்ளம் தோண்டுவார்கள். நெசவாளர் வீட்டுக் குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும். அதிலிருந்து நூல்கள் நேராக இறங்கிப் பாவைத் தூக்க வேண்டும். வீட்டுக் கூரையோ கையை உயர்த்தினால் தட்டும். நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுக்கொள்கிறார். மிதி கீழே போகிறது, பெட்டிக்கு மேலே இடம் கிடைக்கிறது. 1804இல் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு காப்புரிமை வாங்கிய கருவிக்கு, கூரையைப் பிரிக்காமல் இப்படி வீட்டுக்குள் இடம் பிடித்துக் கொடுத்த ஊர் இது.

அந்த ஊரில்தான் ஒருவருக்குத் தன் பிக்அப் வண்டியை இரண்டு இன்ச் தூக்கிவிட ஆசை வருகிறது. பெயர் எதற்கு? இந்த ஆசை வந்தவர்கள் எல்லாருமே ஒரே ஆள்தான். ஒரு பேச்சுக்கு ‘ஓனர்’ என்று வைத்துக்கொள்வோம்.

ஆரணிக்குச் சரக்கு இரண்டு: பட்டு, அரிசி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நூறு புடவை ஏற்றினாலும் வண்டியின் கமான் பட்டைக்கு ஏறியது தெரியாது. அரிசி அப்படியில்லை. களம்பூர்ப் பக்கம் ஆலையில் இருபத்தாறு கிலோ மூட்டை ஐம்பது ஏற்றினால் 1,300 கிலோ. வண்டியின் பின்பக்கம் அப்படியே அமுங்கி உட்காரும். காலி வண்டியில் கம்பீரம், லோடு ஏறினால் பணிவு என்பது பிக்அப்பின் குணம். ஓனருக்குக் கம்பீரம் மட்டும் போதும்.

அவரைக் கெடுத்தது செல்போன். 2016இல் இசுஸு நிறுவனம் டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியை இந்தியாவில் இறக்கியது. ஆந்திரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் தயாரானது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. மூட்டைக்காக இல்லாமல் ஓட்டுகிறவரின் மனநிறைவுக்காக உண்டான பிக்அப்கள் இவை. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அவற்றைத் தூக்கி நிறுத்தி, சேற்றில் இறக்கி, ஆற்றில் விட்டுப் படம் எடுக்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதையெல்லாம் பார்க்கிறவர், காலையில் வாசலில் நிற்கும் தன் சரக்கு வண்டியைப் பார்த்தால் அது குள்ளமாகத்தான் தெரியும்.

வண்டியை உயர்த்த வழி இரண்டு. ஸ்பிரிங்கை மாற்றி மொத்த வண்டியையும் தூக்குவது ஒன்று. அது செலவு. இன்னொன்று பாடி லிஃப்ட். பிக்அப்பின் உடம்பு இரண்டு அடுக்கு. கீழே ஏணிச் சட்டமாக சேஸிஸ். என்ஜின், கியர் பாக்ஸ், டீசல் டேங்க், ஆக்ஸில், சக்கரம் எல்லாம் அதன் சொத்து. மேலே கேபினும் பின்தொட்டியும் தனித்தனியாக போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ்கள். அந்தப் பழைய போல்ட்டுகளைக் கழற்றி, நடுவே ஆளுக்கொரு வட்டக் கட்டையைச் செருகி, நீளமான போல்ட் போட்டு முறுக்கினால் பாடி லிஃப்ட் முடிந்தது. வெளிநாட்டில் இந்தக் கட்டைகளை பாலியூரித்தேனிலும் அலுமினியத்திலும் செய்து பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நம்மிடம் லேத் இருக்கிறது, நைலான் ராடு இருக்கிறது, “செய்யலாம்ண்ணா” என்று சொல்ல ஆள் இருக்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்த நாளில் இறங்கிக் கடக்கிறவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். வேட்டி ஏறும், முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கும், காலடியில் கல் கிடந்தால் தடுக்கத்தான் செய்யும். பாடி லிஃப்டும் அவ்வளவே. பள்ளம் மேட்டில் முதலில் இடிபடுவது பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல். அது ஒரு மயிரிழைகூட மேலே போவதில்லை. ஸ்பீடு பிரேக்கருக்கு வண்டி உயர்ந்த சேதியே தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

நியாயமான பயன் ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. சக்கர வளைவில் இடம் கிடைப்பதால் பெரிய டயர் மாட்டலாம். அந்தக் கணக்கும் பாதிக்குப் பாதிதான். டயரின் விட்டம் இரண்டு இன்ச் கூடினால் ஆக்ஸில் ஏறுவது ஒரு இன்ச், ஏனென்றால் மீதிப் பாதி டயர் ஆக்ஸிலுக்கு மேலே நிற்கிறது. கூடவே ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். மைலேஜ் போய்விட்டது என்று ஓனர் டீசல் பங்க்கைத் திட்டுவார். கிலோமீட்டர் கணக்கே குறைவாக ஓடுவது அவருக்கு உறைக்காது.

பட்டறைக்கு வருவோம்.

“எத்தினி இன்ச்சுண்ணா?”

“மூணு.”

“ரெண்டே போதும். மூணுன்னா ஸ்டேரிங் ராடு எட்டாது.”

மேஸ்திரி சொன்னது உண்மை. ஸ்டேரிங் சக்கரம் கேபினில், ஸ்டேரிங் பாக்ஸ் சேஸிஸில். இரண்டையும் சேர்க்கும் ராடுக்கு நீளம் அளந்துதான் கொடுத்திருப்பார்கள். ஓனர் இரண்டுக்கு இறங்கி வருகிறார். லேத்தில் வெள்ளை நைலான் சுருள் சுருளாக உதிர்கிறது. கட்டைகள் ஒரே உயரமாக வந்திருக்கின்றனவா என்று மேஸ்திரி கண்ணாடி மேசையில் வரிசையாக நிறுத்தி, மேலே ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். ஒன்று மட்டும் வெளிச்சம் விடுகிறது. அது திரும்பவும் லேத்துக்குப் போகிறது. இந்த இடத்தில் அவர் காட்டும் பொறுமை உலகத்தரம்.

பேட்டரி வயரைக் கழற்றியாகிவிட்டது. எல்லா போல்ட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க எடுத்து, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே பலகை வைத்து மெல்ல ஏற்ற வேண்டும். பலகை இல்லாவிட்டால் ஜாக்கி ஏறும், தகரம் மட்டும் உள்ளே போகும். துரு பிடித்த போல்ட் ஒன்று தலையை மட்டும் கொடுத்துவிட்டு உடம்பை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதற்கு டீசல், சுத்தியல், கேஸ் கட்டிங், கடைசியாக ஒரு டீ. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கமும் ஏறி, சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. ஓனர் ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறார். செலவழித்த காசுக்கு அந்தக் கோணம் ஒன்றுதான் வரவு.

சாவியைப் போட்டதும் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ரேடியேட்டர் கேபினோடு சேர்ந்து ஏறும் வண்டிகளில், அதன் பின்னால் இருக்கும் ஃபேன் கூடும் கூடவே போய்விடும். ஃபேன் என்ஜினின் ஆள், அது கீழேயே நிற்கும். இறக்கை கூட்டில் உரசும். அதை அறுத்துச் சரிசெய்தால் அடுத்தது கியர் ராடு. கேபின் தரை ஏறிவிட்டது, கியர் பாக்ஸ் ஏறவில்லை. அதனால் கியர் குமிழ் இரண்டு இன்ச் தரைக்குள் புதைந்த மாதிரி நிற்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் விறைத்துக் கொண்டது. டீசல் ஊற்றும் வாய் தொட்டியோடு மேலே, டேங்க் கீழே. நடுவிலிருக்கும் ரப்பர் குழாய் இழுபடுகிறது. சேஸிஸில் மாட்டிய பம்பர் பழைய இடத்திலேயே நிற்பதால் அதற்கும் கிரில்லுக்கும் நடுவே ஒரு பூனை படுக்குமளவு இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு, ஒவ்வொரு தீர்வுக்கும் தனி பில் உண்டு.

மனிதர்கள் பக்கம் வேறு கதை. புதுப் பட்டு கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிய வீட்டம்மா, கேபின் படியைப் பார்க்கிறார், புருஷனைப் பார்க்கிறார். “இன்னாங்க இது, ஏணி எங்க?” என்கிறார். ஹெட்லைட் இரண்டு இன்ச் ஏறியதில் எதிரே பைக்கில் வருகிறவர் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓனரின் பரம்பரையை நினைக்கிறார்கள். வெளிச்சத்தைக் கீழே இறக்கி வைக்க வேண்டும் என்பது பட்டறையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மட்டும் கணக்கு உடனே புரிந்துவிட்டது. “மொதலாளி, தொட்டி ரெண்டு இன்ச் ஏறிப்போச்சு. கூலியும் ஏறணும் இல்ல?” ஐம்பது மூட்டை ஏறியதும் பின்பக்கம் பழையபடியே அமுங்கியது. பாடி லிஃப்ட் கமான் பட்டையைத் தொடுவதே இல்லையே.

தூக்குவது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சென்னையில் வீட்டையே தூக்குகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், ரோடு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போன தெருக்கள் அங்கே ஏராளம். அடித்தளத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூன்று நான்கு அடி ஏற்றி, அடியில் செங்கல் கட்டுகிறார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் அங்கேயும் எட்டாமல்தான் போகும். ஆனால் அங்கே தொல்லை நுழைவது தரை வழியாக. தரை ஏறினால் தொல்லை தீர்ந்தது. புதுத் தார் போடும் முன் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியதும் இதே தொல்லைக்காகத்தான்.

வண்டித் தூக்கலின் தாய்வீடு அமெரிக்கா. செயின்ட் லூயிஸ் பக்கத்து பாப் சாண்ட்லர் என்பவர் 1974ஆம் வருடத்து ஃபோர்டு எஃப்-250 பிக்அப்பை உயர்த்திக்கொண்டே போய், 1981இல் பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். அந்த ‘பிக்ஃபுட்’ வண்டியிலிருந்து ராட்சத டிரக் வேடிக்கை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிற ஒரு மோஸ்தரும் அங்கே கிளம்பியது. ஓட்டுகிறவருக்கு வானம் தெரியும், ரோடு தெரியாது. வடக்கு கரோலினா மாநிலம் 2021 டிசம்பரிலிருந்து அதற்குச் சட்டம் போட்டது: முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட நான்கு இன்ச்சோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது.

நம் ஊர்ச் சட்டம் இன்ச் கணக்கே பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். “ஆர்.சி.யில உயரமே எழுதலையே” என்பது ஓனர் கட்சியின் வாதம். வண்டி ரகத்துக்கு ஒப்புதல் வாங்கியபோது தயாரிப்பாளர் உயரத்தையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார். விபத்து என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடிப் பார்ப்பதும் இந்த மாதிரி வேலைகளைத்தான்.

சட்டம் தெரிந்து உயர்த்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஓனர் தன் சரக்கைப் பார்த்திருந்தாலே போதும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. தமிழ்நாட்டு ஆலைகள் கூட்டம் போட்டு முழக்கமிட்டதோடு நிற்காமல் மூட்டையை 26 கிலோ ஆக்கிவிட்டன. ஒரே ஒரு கிலோ ஏற்றம். போல்ட் கழற்றவில்லை, ஃபேன் உரசவில்லை, வரி இறங்கிவிட்டது.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடா வருடமும் எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனை உண்டு. இரண்டு இன்ச் ஏறிய வண்டி அந்த வாசலில் போய் நின்றால், ஆய்வாளர் கீழே குனிய வேண்டிய அவசியம்கூட இருக்காது. நின்றபடியே வெள்ளை நைலான் தெரியும். ஆகவே லேத் கடைக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் தலையை விட்டு, ரோட்டில் இடிப்பது எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகும் ஆசை அடங்கவில்லையா? கழற்றிய பழைய போல்ட்டுகளைப் பழைய இரும்புக் கடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.