பின்பக்கத்துச் சின்ன எழுத்து

தொண்ணூறுகளில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஓர் அம்பாசிடரின் முகத்தை வைத்து அது எப்படி ஓடும் என்று சொல்ல முடியாது. பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். டிக்கியில் '1800 ஐஎஸ்இசட்' என்று சின்னதாக எழுதியிருந்தால் உள்ளே இருப்பது இசுசு இன்ஜின்: 1817 சிசி, ஐந்து கியர். பழைய பெட்ரோல் வண்டியில் 1489 சிசி தான். கியர் கம்பும் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். மற்றபடி அதே மூக்கு, அதே கதவு, அதே உருண்ட முதுகு.

மணிக்கூண்டு பக்கம் வாடகைக்கு ஓட்டிய ஒரு டிரைவர் அண்ணனிடம் அந்த வண்டி இருந்தது. வாசலில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் நாங்கள் சூழ்ந்துகொள்வோம். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து வைத்திருப்பார். "பாக்கத்தான்டா கெழவன். மிதிச்சாதான் தெரியும்" என்பார். சும்மா சொன்னதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் போகும் குடும்பம், மேலே கட்டிய பெட்டிகள், முன்னால் வைக்கோல் லாரி. கோட்டக்குப்பம் தாண்டியதும் கியரைக் குறைக்காமலே அதை முந்திவிடுவார். ஆனால் தெருவுக்குள் வந்துவிட்டால் அவரைப்போல் மெதுவாக ஓட்டியவர் யாருமில்லை. பலத்தை இப்படி அடக்கி வைத்திருப்பதுதான் அழகு என்று எனக்குள் பதிந்தது அவரால்தான்.

நேர் எதிரான வண்டியும் அப்போது உண்டு. 1985இல் சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1, அங்கே வி8 இன்ஜின் போட்டு ஓடியது. இங்கே அதற்குள் வைத்தது பழைய வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். ராஜா மாதிரி தெருவில் நிற்கும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். சில வருடங்களிலேயே அது நின்றுபோனதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் மின்சார கார் வாங்கப் போகிறான். "மாமா, டாப் எண்டு எடுக்கவா, மிடில் போதுமா?" என்று கேட்டு விலைப்பட்டியலை நீட்டினான். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். நான் முதலில் பார்த்தது பேட்டரியை. 42 கிலோவாட் மணி என்றால் 135 பிஎஸ், 51.4 என்றால் 171 பிஎஸ், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7.9 வினாடி. 2025 ஜனவரியில் அது வந்தபோது 'பிரீமியம்' என்ற பெரிய பெயருக்குக் கிடைத்தது 42 தான். அடக்கமான பெயர் கொண்ட 'ஸ்மார்ட் (ஓ)' வகையில் 51.4 பேட்டரியும் இருந்தது. பெயரை நம்பிப் போனவர் 36 பிஎஸ்ஸைத் தெரியாமலே விட்டிருப்பார்.

மின்சார வண்டியில் பேட்டரியை மைலேஜுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரிய பேட்டரியால் ஒரே நொடியில் அதிக மின்சாரத்தைத் தள்ள முடியும். மோட்டார் அதற்கேற்ப இழுக்கும். டாடா டியாகோவிலும் அப்படித்தான், 19.2க்கு 61 பிஎஸ், 24க்கு 75. ஆனால் 2020இல் வந்த முதல் நெக்ஸான் ஈவியில் எந்த வகை எடுத்தாலும் 129 பிஎஸ்தான், கூடக் கொடுத்த பணம் எல்லாம் வசதிக்கும் அலங்காரத்துக்கும் போனது. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

உச்சம் பிஒய்டி சீல். 2024இல் இங்கே வந்த மூன்று வகைகளுக்கும் ஒரே உடம்பு. பிரீமியத்துக்கும் பெர்ஃபார்மன்ஸுக்கும் பேட்டரிகூட ஒன்றே, 82.56. முன்னதில் ஒரு மோட்டார், 313 பிஎஸ். பின்னதில் இரண்டு, 530 பிஎஸ், நூறைத் தொட 3.8 வினாடி. இரண்டாவது மோட்டாருக்கு விலையாகக் கம்பெனி சொல்லும் ஓட்டதூரம் 650லிருந்து 580 கிலோமீட்டராகக் குறைகிறது. வெளியே அடையாளம் என்று சொல்ல, பின்னால் '3.8எஸ்' என்று ஒரு சின்ன எழுத்து. அதைப் பார்த்ததும் டிரைவர் அண்ணன் நினைவுதான் வந்தது.

கிரெட்டாவின் அந்த 36 பிஎஸ் ஊருக்குள் எதற்கும் தேவையில்லை. மரக்காணம் பக்கம் லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரத்தை அது குறைக்கும். அதற்காகவே பையனிடம் 51.4 எடுக்கச் சொன்னேன். கூடவே கண்டிப்பாகவும் சிலது சொன்னேன். அம்பாசிடர் வருவது தெருமுனையிலேயே கேட்கும், பூக்கூடையோடு கடக்கும் கிழவி ஒதுங்கிக்கொள்வாள். இது வருவது அவளுக்கு அவ்வளவு எளிதில் கேட்காது, மிதித்த மாத்திரத்தில் பாயவும் செய்யும். தெருவுக்குள் ஈக்கோ மோடைத் தவிர வேறெதையும் தொடாதே, அந்தப் பாய்ச்சலைத் தாங்க வேண்டியது டயர்தான், மாற்றும் காலத்தில் மலிவானதைத் தேடாதே.

ஸ்மார்ட் (ஓ)வில் 51.4 எடுத்தான், வெள்ளை நிறம். பச்சை நம்பர் பிளேட் அது மின்சார வண்டி என்பதைச் சொல்லிவிடுகிறது. 135ஆ 171ஆ என்று தெருவில் இதுவரை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அவனை அதனால்தான் பிடித்திருக்கிறது.