இன்மையின் நால்வகை: டாஸ்க் மேனேஜரில் ஜிபியு காணாமை குறித்த ஓர் ஆய்வு

பொருள்

விண்டோஸ் கணினியில் எந்த நிரல் எவ்வளவு உண்கிறது என்று கணக்குக் காட்டும் கருவி டாஸ்க் மேனேஜர். மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த டேவ் ப்ளம்மர் எழுதிய இக்கருவி 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வெளிவந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும். ஒரு சாளரம் தனக்கு வரும் செய்திகளை 5 விநாடி எடுத்துப் பார்க்காமல் இருந்தால், விண்டோஸ் அதை ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று அறிவிக்கும். பெரும்பாலும் அவ்வறிவிப்பைக் கண்ட பிறகே இக்கருவி திறக்கப்படுவதால், இதைக் காண வருவோர் பொறுமை தீர்ந்த நிலையில் வருவோர் என்று கொள்ளலாம்.

இக்கருவி காட்டுவனவற்றுக்கு விளக்கங்கள் மலிந்துள்ளன. காட்டாதனவற்றை முறைப்படுத்தி ஆராய்ந்தார் அரியர். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பக்கத்து மேசைக் கணினி சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க், ஜிபியு என ஐந்தைக் காட்ட, தம் கணினி நான்கோடு நிறுத்திக்கொள்வதைக் காண்பவர் அந்த நான்கையும் பொருட்படுத்துவதில்லை. நேற்றுவரை ஜிபியு என்னும் வரைகலைச் செயலி இன்னதென்று அறியாதவரும் அது இல்லாமல் வாழ இயலாது என்று உணர்கிறார். அந்த ஐந்தாவதன் இன்மையே இவ்வாய்வின் பொருள்.

பரபக்கம்

பிறர் கொள்கையை முதலில் கூறி மறுப்பது மரபு. இத்துறையில் இரு கட்சியினர் உளர்.

முதற்கட்சியார் மறுதொடக்கவாதிகள். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பது இவர்களுடைய ஒரே சூத்திரம். உரை வேண்டாத சூத்திரம் ஆதலால் நாடெங்கும் பரவியது. ஆனால் விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலின் நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் கெர்னலும் புதிதாகத் தொடங்கும். எனவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணியவர் தம் சூத்திரத்தைத் தாமே கடைப்பிடிக்கவில்லை.

இரண்டாம் கட்சியார் ஃபார்மேட்வாதிகள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுக என்பர். இல்லாத ஒன்றைப் பெறுவதற்கு இருப்பதை எல்லாம் இழக்கச் சொல்லும் இக்கொள்கை துறவறத்துக்கு உகந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டிய அலுவலகத்துக்கு உகந்ததன்று.

இன்மை ஒரே வகை, ஆகவே மருந்தும் ஒன்றே என்று கொண்டது இரு கட்சியாருக்கும் பொதுவான பிழை.

சுபக்கம்

அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் பொருள்களை ஏழாக வகுத்து, அவற்றுள் ஏழாவதாக இன்மையை வைக்கிறது. அவ்வின்மையையும் நான்காகப் பகுக்கிறது. சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்நூலைத் தமிழாக்கிவிட்டார். அன்றிலிருந்து கையில் இருந்தும், கணினி பழுதுபார்ப்போர் எவரும் இதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

முதலாவது முன்னின்மை; குடம் வனையப்படுமுன் உள்ள இன்மை போல்வது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு வரைபடம் சேர்ந்தது 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்பில். அதற்கு முந்தைய பதிப்பில் அதைத் தேடுவது பிறவாத பிள்ளைக்குப் பெயர் சொல்லி அழைப்பது. ஜிபியுவின் வெப்பநிலை அதனினும் பிந்தியது. 2004 என்னும் எண்ணுள்ள பதிப்பில், 2020 மே மாதம் வந்தது. இவ்வெண் 2020ஆம் ஆண்டின் 4ஆம் மாதத்தைக் குறிப்பதேயன்றி 2004ஆம் ஆண்டைக் குறிப்பதன்று. ஆகவே இதைக் கண்டவர் தம் கணினிக்கு வயதாகிவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை. கணினியில் உள்ள பதிப்பை ‘வின்வெர்’ என்று தட்டி அறியலாம்.

பதிப்பு புதிதாக இருந்தும் டிரைவர் பழையதாக இருப்பின் முன்னின்மை நீடிக்கும். ஜிபியு தோன்ற, டிரைவர் குறைந்தது டபிள்யூடிடிஎம் 2.0 என்னும் மாதிரியில் அமைந்திருக்க வேண்டும்; வெப்பநிலைக்கு 2.4 வேண்டும். ‘டிஎக்ஸ்டயாக்’ கட்டளையைக் கொடுத்து, ‘டிஸ்ப்ளே’ பகுதியில் ‘டிரைவர் மாடல்’ என்ற வரியைப் படித்தால் உண்மை விளங்கும். அங்கே 1.3 என்றிருந்தால் கிராபிக்ஸ் கார்டைத் தயாரித்தவரின் புதிய டிரைவரை நிறுவுவதே மருந்து. முன்னின்மைக்குத் தொடக்கமில்லை, முடிவு மட்டும் உண்டு என்பர் தருக்க நூலார். தயாரித்தவர் பழைய கார்டுக்குப் புதிய டிரைவர் எழுதுவதையே கைவிட்டிருந்தால் அந்த முடிவும் வாராது.

இரண்டாவது அழிவுபாட்டின்மை, உடைந்த குடத்தின் இன்மை. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது, டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறக்கும் வழி நீக்கப்பட்டது. அழிவுபாட்டின்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை என்பது நூற்கொள்கை. ஆனால் பயனர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, 2022இல் அவ்வழி திரும்பி வந்தது. திரும்பியது அதே குடமன்று, அதே போன்ற வேறு குடம் என்று தருக்கவாதி தப்பித்துக்கொள்வார். இக்கருவியின் உடன்பிறப்பாகிய பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் கவுண்டர்கள் சிதைந்து மறைவதும் இவ்வகையே. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ‘லாட்சிடிஆர் /ஆர்’ என்று கொடுத்தால் அவை மீளக் கட்டப்படும்.

மூன்றாவது முழுதுமின்மை; காற்றில் நிறம் இல்லாமை போல்வது. சிபியுவின் வெப்பநிலையை டாஸ்க் மேனேஜர் காட்டுவதில்லை. ஜிபியு வெப்பநிலையும் தனி கிராபிக்ஸ் கார்டுக்கே உரியது. சிபியுவோடு ஒன்றாக அமைந்த ஜிபியுவுக்கு அது காட்டப்படுவதில்லை. இவ்விடத்தில் செட்டிங்கில் தேடுவதும், டிரைவரை மாற்றுவதும், ஃபார்மேட் செய்வதும் ஒரே பயனைத் தரும். வேறு கருவியை நிறுவிக்கொள்வது ஒன்றே வழி.

நான்காவது ஒன்றினொன்றின்மை; குடம் ஆடையன்று என்பது. தேடும் பொருள் உண்டு, தேடும் இடத்தில் இல்லை. கணினி தொடங்கும்போது தாமாக ஓடும் நிரல்களின் பட்டியல் விண்டோஸ் 7 வரை ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியில் இருந்தது; விண்டோஸ் 8இல் டாஸ்க் மேனேஜருக்குக் குடிபெயர்ந்தது. பழைய முகவரிக்குப் போகிறவருக்குப் புதிய முகவரி எழுதிய இணைப்பு ஒன்று மட்டும் அங்கே கிடைக்கும். எந்த நிரல் எந்த முகவரியோடு பேசுகிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் தேடுவோரும் இவ்வகையினர். அது ரிசோர்ஸ் மானிட்டரில் உள்ளது.

புறனடை

நால்வகையுள்ளும் அடங்காது எஞ்சுவன மூன்று. இவற்றில் பொருள் உண்டு, காட்சி இல்லை.

மறைவு என்பது ஒன்று. விண்டோஸ் 7 வரையிலான டாஸ்க் மேனேஜரில் ஓரத்து வெற்றிடத்தை இருமுறை கிளிக் செய்தால் மெனுவும் டேபுகளும் மறைந்து வரைபடம் மட்டும் நிற்கும். மீண்டும் ஓரத்தில் இருமுறை கிளிக் செய்தால் எல்லாம் திரும்பும். விண்டோஸ் 10இல் சிறிய பட்டியல் மட்டும் தெரிந்தால் ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதை அழுத்த வேண்டும். ஜிபியு நெடுவரிசை மட்டும் காணவில்லையெனில், நெடுவரிசைகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து குறியிட்டால் வரும்.

உறக்கம் இரண்டாவது. விண்டோஸ் சர்வர் 2012, 2016 போன்றவற்றில் டிஸ்க் வரைபடம் இயல்பாகத் தெரியாது. கணக்கெடுக்கும் வேலையே சர்வரின் வேகத்தைத் தின்னும் என்பதால் அது அணைத்து வைக்கப்பட்டுள்ளது. ‘டிஸ்க்பெர்ஃப் -ஒய்’ என்று கட்டளை கொடுத்து, டாஸ்க் மேனேஜரை மூடித் திறந்தால் விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ‘-என்’ கொடுத்து உறங்கவைப்பது நன்று.

விலக்கு மூன்றாவது. ‘உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் டாஸ்க் மேனேஜரை முடக்கியுள்ளார்’ என்ற அறிவிப்பு வருவது இவ்வகை. ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனருக்குரிய கொள்கைப் பகுதியில் ‘டிஸேபிள்டாஸ்க்எம்ஜிஆர்’ என்ற மதிப்பு 1 ஆக இருப்பதே காரணம். அதை 0 ஆக்கினால் விலக்கு நீங்கும். அலுவலகக் கணினியாயின் இதைத் தாமே செய்யாமல், முடக்கியவரிடம் கேட்பதே முறை. வீட்டுக் கணினியில், தாமே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தும் தாம் முடக்கவில்லை என்று உறுதியாக அறிந்தவர், முடக்கிய வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்று கொள்க. தீநிரல்கள் தம்மைக் கண்டுபிடிக்கும் கருவியை முதலில் பூட்டுவது வழக்கம். ஆகவே மதிப்பை மாற்றுமுன் வைரஸ் சோதனை செய்க.

முடிபு

ஜிபியு காணவில்லை என்பவர் முதலில் நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து மறைவை நீக்குக. பின் ‘வின்வெர்’ கொண்டு பதிப்பையும், ‘டிஎக்ஸ்டயாக்’ கொண்டு டிரைவர் மாதிரியையும் அறிக. இரண்டும் போதிய அளவில் இருந்தும் தோன்றாவிடில் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க. ‘ஷட் டவுன்’ அன்று. இவ்வளவுக்குப் பின்னும் வாராதது இல்லாததே. கணினியில் விளையாட்டும் வீடியோ தொகுப்பும் இல்லாதவருக்கு அவ்வின்மையால் குறையொன்றும் இல்லை.