வெறி முறிப்பியல்: பாலையூற்று மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

முதல்நாள் இரவு உட்கொண்ட சாராயத்தின் விளைவுகளை மறுநாள் காலையில் வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டே தணிக்கும் முறைகளை ஆராயும் துறை வெறி முறிப்பியல் எனப்படும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றில் இது பெரும்பாலும் ஞாயிறு காலைகளில், குசினியில், செயல்முறையாகவே பயிலப்படுகிறது. வாய்மொழி மரபாதலால் ஏட்டுச் சான்று அரிது. கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிய வள்ளுவர்கூட மறுநாள் காலைக்கென்று ஒரு குறளும் வைக்கவில்லை. அவர் விட்ட இடத்தை மனைவிமாரும் மாமிமாரும் நிரப்பியிருக்கிறார்கள்.

நோய்க்குறிகள் வருமாறு: தலையிடி, ஓங்காளம், தீராத தண்ணி விடாய், வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், லூர்து அன்னை ஆலயத்து மணி காதுக்குள்ளேயே அடிப்பதான உணர்வு, “இனிமேல் தொடவே மாட்டன்” என்ற வாக்குமூலம். இவற்றுள் கடைசிக் குறியே மிகவும் நம்பத்தக்கது. பின்னேரமளவில் அது மறைந்துவிட்டால் நோயாளி பூரண குணமடைந்தார் என்று கொள்ளலாம்.

காரணங்களைப் பொறுத்தவரை மருத்துவம் இன்னும் முழுத் தெளிவை எட்டவில்லை. மதுவிலுள்ள எதனோலை ஈரல் முதலில் அசற்றல்டிகைட் என்னும் நச்சுப்பொருளாகவும், பிறகு தீங்கற்ற அசற்றேற்றாகவும் மாற்றுகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஓமோனை மதுபானம் அடக்கிவிடுவதால், உள்ளே போனதைவிடக் கூடுதலான தண்ணீர் வெளியே போகிறது. இரத்தத்தில் மதுவின் அளவு 100 மில்லிலீற்றருக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில் இறங்குகிறது. அது அநேகமாகப் பூச்சியத்தைத் தொடும் வேளையில்தான் வேதனை உச்சிக்கு ஏறுகிறது. அதாவது, அந்த மனிதர் முழுத் தெளிவோடு இருக்கும் நேரமே அவருடைய மிக மோசமான நேரம்.

“பியருக்கு மேலே சாராயம் அடிச்சதுதான் பிழை” என்பது பாதிக்கப்பட்டோர் தரப்பின் வழமையான விளக்கம். அளவில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை என்பது இதன் உட்கிடை. 2019இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு 90 பேருக்குப் பியரையும் வைனையும் வெவ்வேறு வரிசையில் கொடுத்துப் பார்த்து, வரிசைக்கும் மறுநாள் வேதனைக்கும் தொடர்பில்லை என்று கண்டது. இந்த முடிவு பாலையூற்றை இன்னும் எட்டவில்லை. எட்டினாலும் ஏற்கப்படும் என்று சொல்வதற்கில்லை.

மருந்துகளுள் முதலிடம் தேசிக்காய்க்கு. காயை உள்ளங்கையால் மேசையில் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, விதைகளை விரலிடுக்கில் மறித்துப் பிழிந்து, ஒரு செம்புத் தண்ணீரில் உப்பும் சீனியும் சேர்த்துக் கலக்க வேண்டும். கலக்கியதை நோயாளியின் முன் வைக்கும்போது எழும் “ணங்” என்ற சத்தம் செய்முறையின் ஒரு பகுதி. சீனி விடயத்தில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. சினம் மிகுந்த வீடுகளில் உப்பு மட்டுமே கிடைக்கும். இது மருத்துவ நோக்கில் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த வாய்வழி நீரேற்றக் கரைசலில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்போடு 13.5 கிராம் குளுக்கோசும் உண்டு. குடல் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருசேர உறிஞ்ச, தண்ணீர் அவற்றின் பின்னே போகிறது. ஆகவே சீனியை மறுப்பது தண்டனையே ஒழிய வைத்தியமன்று. பாமசியில் கிடைக்கும் ஜீவனிப் பைக்கற்றும் இதே தத்துவந்தான். ஆனால் அதை வாங்கப் போகும் வழியில் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும் என்பதால் தேசிக்காயே விரும்பப்படுகிறது.

தேசிக்காய்க்கும் இந்தத் துறைமுகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியதிலிருந்து 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை, ரம் பங்கீடு பெற்ற மாலுமிகள் இங்கே நங்கூரமிட்டிருந்தார்கள். அந்த ரம்மில் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று 1740இல் உத்தரவிட்டவர் அட்மிரல் வெர்னன். ருசிக்காக மாலுமிகள் சீனியும் தேசிக்காயும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதே உத்தரவு சொன்னது. பிரித்தானியக் கடற்படை மதுவையும் தேசிக்காயையும் ஒரே கோப்பையில் ஊற்றியது. பாலையூற்று இரண்டுக்கும் இடையில் ஓர் இரவைப் புகுத்தியது. சுதேச வைத்தியத்தின் பங்களிப்பாக இதைக் குறிப்பிடலாம்.

அடுத்தது பழஞ்சோறு. தண்ணீர் விட்டு மண்சட்டியில் மூடிவைத்த சோறு விடிவதற்குள் இலேசாகப் புளித்திருக்கும். அதைக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தயிரோ தேங்காய்ப்பாலோ விட்டுக் கரைத்துக் குடிப்பது வழக்கம். வெறும் வயிற்றில் ஏறிய மது ஈரலின் குளுக்கோசு உற்பத்தியைத் தடுப்பதால், காலையில் சோறும் உப்பும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைப்பது நல்ல ஏற்பாடுதான். இம்மருந்தின் தனிச்சிறப்பு அதன் மூலப்பொருள். நோயாளி இராச்சாப்பாட்டுக்கு வராததால் மிஞ்சிய சோறுதான் காலையில் சட்டிக்குள் இருக்கிறது. நோயின் காரணமே மருந்துக்கான சரக்கையும் தந்துதவுவது வைத்திய வரலாற்றில் அபூர்வம்.

செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் குறை தீரும். சீவும் கத்தியை நோயாளியின் கையில் கொடுக்கலாகாது. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த தண்ணீர், மிளகும் உள்ளியும் தட்டிப்போட்ட ரசம் ஆகியவை தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் இதற்கும் பொதுவானவை. ஓங்காளத்துக்கு இஞ்சி நல்லதென்று ஓரளவு சான்று இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் முழுகிவரச் சொல்வோரும் உண்டு. அந்த ஏழு கிணறுகளும் இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்வதற்காக உண்டானவை என்பது ஐதீகம். செத்துப் பிழைத்த முகத்தோடு அங்கே போவதில் பொருத்தம் இருக்கலாம், பலன் இல்லை. ஏற்கெனவே வற்றிய உடம்பை வெந்நீர் இன்னும் வியர்க்க வைக்கும். பனடோல் வீட்டு வைத்தியத்தில் சேராது. மது தங்கிய ஈரலுக்கு அது சுமையும்கூட.

முட்டைக் கோப்பி சற்று விரிவாக நோக்கத்தக்கது. முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கும் கோப்பியை நூலாக ஊற்றிச் செய்வது இது. முட்டையிலுள்ள சிஸ்டீன் அசற்றல்டிகைட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது சோதனைக் குழாயில் சரி. ஒரு முழு மனிதருக்கு ஒரு முட்டை எம்மட்டு என்பது வேறு கேள்வி. கோப்பி தீர்ப்பதும் பல வேளைகளில் அன்றைய கோப்பி கிடைக்காததால் வந்த தலையிடியைத்தான். சில வீடுகளில் இதில் ஒரு கரண்டி பிரண்டியும் சேர்வதுண்டு. அங்கே மருந்து எது, நோய் எது என்ற எல்லை மங்கிவிடுகிறது.

இவற்றுள் எது சிறந்தது என்ற சர்ச்சை தீராததற்கு ஆய்வுமுறைக் கோளாறே காரணம். நோயாளி காலை ஏழு மணிக்குத் தேசிக்காய், ஒன்பதுக்குப் பழஞ்சோறு, பதினொன்றுக்கு இளநீர், ஒரு மணிக்கு ரசம் என்று வரிசையாக உட்கொண்டு, இரண்டு மணிக்குத் தெளிகிறார். புகழ் முழுவதும் ரசத்துக்குப் போகிறது. அடுத்த வீட்டில் வரிசை மாறியிருப்பதால் அங்கே இளநீர் வெல்கிறது. இதைக் கடைசி மருந்து விதி எனலாம். வீட்டில் யாரும் முகம் கொடுக்காததால் பச்சைத் தண்ணீரோடு பாயில் கிடந்தவரும் ஏறத்தாழ அதே இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறார். அவரை ஒப்பீட்டுக் குழுவாக எவரும் கணக்கிலெடுப்பதில்லை. 2005இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த மீளாய்வொன்று எட்டுச் சோதனைகளை அலசி, எந்த மருந்துக்கும் வலுவான சான்றில்லை என்று முடித்தது. 2022இல் 21 ஆய்வுகளை அலசிய மீளாய்வு கண்டதும் மிகப் பலவீனமான சான்றுகளையே. முதலாவதில் ஆர்ட்டிசோக்கும் நாகதாளியும் இடம்பெற்றன, பழஞ்சோறு இடம்பெறவில்லை. ஆகவே அது தோற்றதாகவும் சொல்ல முடியாது.

எஞ்சுவது முள்ளை முள்ளால் எடுக்கும் கொள்கை: விடிந்ததும் அரைக் கிளாஸ் சாராயம். இதற்கும் ஒரு வேதியியல் உண்டு. மதுவகைகளில் சிறிதளவு மெதனோலும் இருக்கும். எதனோல் இருக்கும்வரை ஈரலின் நொதியம் மெதனோலைப் பெரும்பாலும் சீண்டாது; எதனோல் தீர்ந்ததும் அதை உடைத்து நச்சாக்கும். காலைக் குடி இந்த வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். இதே வேதியியல் மெய்யாகவே உயிர் காப்பது வைத்தியசாலையில்: மெதனோல் நஞ்சேறியவருக்கு வைத்தியர்கள் எதனோலோ போமெப்பிசோலோ கொடுப்பார்கள். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பில் மெதனோல் கூடியிருந்தால் பார்வை மங்கல், வயிற்று நோ, மூச்சிரைப்பு ஆகியவை பல மணித்தியாலம் கழித்தே தோன்றும். அது வெறி முறிவதன் குறியன்று. தேசிக்காய் பிழிந்துகொண்டு இருக்கவும் நேரமில்லை. அப்படியானவரை உடனே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.