எந்த ஊரு நைனா?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர சீட்டு கிடைப்பது அதிர்ஷ்டம். எதிர் சீட்டில் அந்த அம்மா இருந்தால், அந்த அதிர்ஷ்டம் கவரைப்பேட்டையோடு சரி. "எந்த ஊரு நைனா?" என்று ஆரம்பிப்பார். பொன்னேரி வருவதற்குள் வேலை, சம்பளம், பிடித்தம் போகக் கையில் வருவது எல்லாம் தெரிந்துவிடும். மீஞ்சூரில் கல்யாணம் ஆயிற்றா என்பார். அத்திப்பட்டில் ஏன் ஆகவில்லை என்பார். எண்ணூர் தாண்டும்போது உங்களுக்கே தெரியாத ஒரு சித்தப்பாவை உங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார். பேசின் பிரிட்ஜில் நீங்கள் இறங்கும் நேரத்தில், உங்கள் பேரில் ஒரு வேண்டுதலும் ஏதோ ஒரு கோயிலில் பதிவாகியிருக்கும். அதை நிறைவேற்ற வேண்டியது யார் என்ற விவரத்தை மட்டும் சொல்லமாட்டார்.

இப்படி ஓர் அம்மா எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. நெற்றியில் திருநீறு, சனிக்கிழமையானால் அதன் நடுவே ஸ்ரீசூர்ணம். கையில் மஞ்சப்பை. அதற்குள் அச்சு வெல்லம், கற்பூரம், தண்ணீர் பாட்டில், நாற்பது பக்க நோட்டு ஒன்று. எங்கள் தெரு அம்மாவுக்கு சிப்காட் பக்கம் ஆறு அறை லைன் வீடு சொந்தம். வயதைக் கேட்டால் நேராகச் சொல்லமாட்டார். "இது செங்கல்பட்டு ஜில்லாவா இருந்தப்பவே நான் பேரன் பேத்தி எடுத்துட்டேன்" என்பார். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். மிச்சக் கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அமாவாசை தவறாமல் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைப் பார்க்கப் போவார். கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போனால் கிட்டம். அம்மாவோ ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே போய், அங்கே வண்டி மாறி, மறுபடி மேற்கே போவார். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன்.

"பஸ்ல எல்லாரும் முதுகைக் காட்டிக்கினு உக்காந்திருக்காங்க. ரயில்லதான் மூஞ்சி தெரியுது."

2021-ல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்த பிறகு, முதுகைக் கொஞ்சம் மன்னித்தார். பக்கத்து ஊர்க் கோயிலுக்குக்கூட ஒரே பஸ்ஸில் போகாமல் மூன்று பஸ் மாறிப் போனார். காசு மிச்சம் என்று அவர் பிள்ளைகள் நினைத்தார்கள். மூன்று பஸ் ஸ்டாண்டில் மூன்று செட் ஆட்கள் கிடைத்ததுதான் விஷயம்.

இவ்வளவு கேள்வி கேட்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால், அம்மா தலபுராணத்தை எடுத்துவிடுவார். சாலிஹோத்ர முனிவரிடம் பெருமாள் ஒரு கிழவராக வந்தார். பசி என்று கேட்டுச் சாப்பிட்டார். களைப்பாக இருக்கிறது, படுக்க எவ்வுள் என்று கேட்டார். எந்த உள், எந்த இடம் என்று அர்த்தம். முனிவர் தன் குடிசையைக் காட்ட, அங்கேயே சயனித்துவிட்டார். அந்தக் கேள்விதான் திருஎவ்வுள் ஆகி, திருவள்ளூர் ஆனது. "ஊருக்குப் பேரே ஒரு கேள்வி. பெருமாளே கேட்டுத்தான் படுத்தாரு. நான் கேட்டா மட்டும் தப்பா?" இதற்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது.

அங்கே பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். ஹிருத்தாபநாசினி தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தால், கரைகிற வெல்லம் போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. எல்லோரும் தங்கள் நோய்க்கு ஒரு கட்டி வெல்லம் கரைப்பார்கள். அம்மா ஒரு கிளினிக்கே நடத்துவார். ஒவ்வொரு அச்சு வெல்லத்தையும் கையில் எடுத்து, "இது பால்காரர் முட்டிக்கு, இது மூணாம் ரூம் பையன் வயித்துக்கு, இது தபால்காரரோட அத்தைக்கு, என்ன நோவுன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டாரு, நீயே பார்த்துக்கோ" என்று விளக்கம் சொல்லித் தண்ணீரில் விடுவார். தனக்கென்று ஒரு கட்டி கொண்டுபோனதை நான் பார்த்ததில்லை. சர்க்கரை நோய் இருந்ததால் அந்தப் பக்கம் வெல்லத்தை ஒதுக்கியிருக்கலாம்.

திரும்பும் வழியில் திருநின்றவூரில் இறங்காமல் வரமாட்டார். அங்கே பக்தவத்சலப் பெருமாளின் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்றே திருநாமம். சமுத்திரராஜன் அப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயரில் அலாதிப் பெருமை. அதே ஊரில்தான் பூசலார் நாயனார் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கல் கோயிலை ஒதுக்கிவிட்டு, சிவன் இந்த மனக்கோயிலுக்கு வந்தார். நாயன்மார்கள் எல்லோரிடமும் அம்மாவுக்குப் பக்தி உண்டு. பூசலாரிடம் மட்டும் ஒரு சின்ன வருத்தம்.

"பெரிய மகான்தான், இல்லேன்னு சொல்லலே. ஆனா மனசுக்குள்ளயே கோயில் கட்டிக்கிட்டா, அங்க போய் யாரைப் பார்க்கிறது?"

லைன் வீட்டுக் குடித்தனக்காரர்கள் ஒடிசா, பீகார், ஆந்திரா என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. இந்தியில் 'காவ்' என்றால் ஊர் என்று ஒரு வார்த்தை மட்டும் கற்றுக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. "நைனா, நீ காவ் எக்கட?" மூன்று மொழியும் சேர்ந்த இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாத தொழிலாளி சிப்காட்டில் கிடையாது. பதில் என்ன மொழியில் வந்தாலும், அவனுக்கு எத்தனை தங்கை, அதில் எவளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

சொந்த வீடு அமைய சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தன் குடித்தனக்காரர்களுக்காகவும் போனார். இரண்டாம் ரூம்காரர் ஆரம்பாக்கத்தில் மனை வாங்கி, வீடு கட்டி, காலி செய்துகொண்டு போனார். கிரகப்பிரவேசத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த அம்மா, மூன்று மாதம் ரூம் பூட்டிக் கிடந்தபோது முருகனிடமே முறையிட்டார். "நான் வேண்டிக்கினா நீ குடுத்துடறதா? வாடகைக்கு நான் எங்க போவேன்?"

ஒரு மார்கழி விடியற்காலையில், வாசலில் கோலம் காய்வதற்குள், அம்மா போய்ச் சேர்ந்தார். வேளச்சேரியிலிருந்து பெரிய பிள்ளை வந்தார். ஒன்பது வருடமாக ஒரே ஃபிளாட்டில் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத மனிதர். பந்தலில் உட்கார்ந்தவர் திகைத்துப்போனார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஒரு கூட்டம் வந்தது. மத்தியானம் அடுத்த ஷிப்ட் வந்தது. சூளூர்ப்பேட்டையிலிருந்து பூக்காரிகள், திருவள்ளூரிலிருந்து வெல்லக் கடைக்காரர், லோக்கலில் சுண்டல் விற்பவர். வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் "நீங்கதான் வேளச்சேரியா?" என்று விசாரித்தார்கள். அவருக்கு ஒருவரையும் தெரியவில்லை. அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சர்க்கரை அளவு உள்பட.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பங்கு பிரித்தார்கள். இரண்டு வளையல், ஒரு செயின். பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் மஞ்சப்பையைத் திறந்தார்கள். அந்த நாற்பது பக்க நோட்டு முழுக்க நேர்த்திக்கடன். பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரும் குறையும் கோயிலும் மட்டும்தான்.

"பாலசோர் பையன் – மிஷின்ல விரல் – திருத்தணி மொட்டை."

"சூளூர்ப்பேட்டை பூக்காரி – மருமவ ஒடம்பு – பெரியபாளையம் வேப்பஞ்சேலை."

"கேம்ப் பொண்ணு – சொந்த வீடு – சிறுவாபுரி ஆறு செவ்வா." இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமை நாங்கள் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறோம். அந்த வரியில் நான்கு டிக் இருந்தது.

சாமி கடன் பிள்ளைகள் தலையில் விடியும் என்று வாத்தியார் வேறு சொல்லிவிட்டார். பெரியவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனார். தன் தலைமேல் திருத்தணிக்கு ஒரு மொட்டை பாக்கி இருப்பது பாலசோர் பையனுக்கு அன்றுதான் தெரியும். ஆறிய விரலை ஒருமுறை பார்த்தான். "அம்மா சொன்னா சரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, லீவு கேட்கப் போனான்.

கடைசிப் பக்கத்தைப் பெரியவர் யாருக்கும் காட்டவில்லை. பிறகு எனக்கு மட்டும் காட்டினார்.

"வேளச்சேரி – ஐம்பத்தெட்டு வயசு – யார்கிட்டயும் பேசமாட்டேங்குது – திருவள்ளூர், மூணு அமாவாசை வெல்லம்."

இரண்டு டிக் விழுந்திருந்தது.

தை அமாவாசையன்று அவரே போனாராம். அந்தக் கூட்டத்தில் குளத்துப் படியில் இடம் பிடித்து, வெல்லத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கரையட்டும் என்று நின்றாராம். பக்கத்தில் ஒருவர் அதேபோல வெல்லத்தோடு நின்றிருக்கிறார். முகத்தைப் பார்த்தால் பெரிய கவலை என்று தெரிந்ததாம். இவர் கையில் பாதி வெல்லம் கரைந்திருந்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது: "எந்த ஊருங்க?"

இதையெல்லாம் அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சொன்னார். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுந்து போகும்போது என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்.